டாங்கியை 'சிறப்பு வண்டி' என்று அழைத்த நாடு

சர்வதேச அரசியல் புத்தகங்களில் 'கலாச்சாரம்' என்ற சொல் வந்தாலே நான் கொஞ்சம் உஷாராகிவிடுவேன். வேறு விளக்கம் கிடைக்காதபோது கையில் எடுக்கிற சொல் அது. ஆபீசில்கூட அப்படித்தான். ஜப்பான் கிளையன்ட் ஒரு முடிவுக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டால் "அவங்க கல்ச்சர் அப்படி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அங்கே யாருடைய கையெழுத்துக்காக ஃபைல் காத்துக்கிடக்கிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

பீட்டர் காட்ஸன்ஸ்டைன் தொகுத்து, 1996-ல் கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட 'தேசப் பாதுகாப்பின் பண்பாடு' (தலைப்பின் தமிழாக்கம் என்னுடையது) தொகுப்பை அந்தச் சந்தேகத்தோடுதான் எடுத்தேன். பனிப்போர் முடிந்த சூட்டில் பிறந்த புத்தகம். ஒரு வல்லரசு பெரிய போரே இல்லாமல் கலைந்துபோகும் என்று அன்றைய முன்னணிக் கோட்பாடுகள் எதுவும் எதிர்பார்த்திருக்கவில்லை. நாடுகள் பக்கத்து வீட்டுக்காரனின் ஆயுதத்தையும் பணத்தையும் எண்ணிப் பார்த்துத்தான் நடந்துகொள்கின்றன என்பது அப்போதைய பாடம். இந்தத் தொகுப்பு ஒரு படி பின்னால் போய்க் கேட்டது: தன் நலன் இதுதான் என்று ஒரு நாடு எப்படி முடிவுசெய்கிறது? அதற்கு முன்னால் 'நாம் யார்' என்ற கேள்விக்கு ஏதோ ஒரு பதில் வேண்டுமே?

ரசாயன ஆயுதங்கள் மீதான அருவருப்பு, நேட்டோ, அரபு நாடுகளின் கூட்டணிகள், மாவோவின் சீனா என்று தொகுப்பு பல திசைகளில் போகிறது. எல்லாவற்றையும் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. தாமஸ் பெர்கர் ஜெர்மனியையும் ஜப்பானையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரையில் ஜப்பான் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காரணம் எளிது. அந்தக் கட்டுரை வந்து கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஆகிவிட்டது. அது சொன்னது எவ்வளவு தூரம் தாங்கியது என்று இப்போது சோதித்துப் பார்க்கலாம்.

அன்றைய சூழல் இது. 1993-ல் கென்னத் வால்ட்ஸ், அதாவது யதார்த்தவாதக் கோட்பாட்டின் பெரியண்ணன், ஜப்பான் மாதிரியான பொருளாதாரம் வல்லரசாகாமல் இருப்பது இயல்புக்கு மாறான நிலை, அது நீடிக்காது, அணுகுண்டுகூட வைத்துக்கொள்ளும் என்ற தொனியில் எழுதினார். பெர்கர் மறுத்தார். 1945 தோல்வியிலிருந்து ஜப்பானியர்கள் கற்றுக்கொண்ட பாடம், தங்கள் இராணுவமே ஆபத்தான ஒரு நிறுவனம், அதை எப்போதும் கட்டிப்போட்டே வைக்கவேண்டும் என்பது. வலது, இடது, நடு என்று மூன்று தரப்பும் 1950களில் முட்டி மோதி ஒரு சமரசத்துக்கு வந்தன. அந்தச் சமரசம் சட்டமாக, அமைச்சக நடைமுறையாக, பொதுப்புத்தியாக உறைந்துபோனது. ஆகவே பனிப்போர் முடிந்தாலும் ஜப்பான் சட்டென்று வாளை உருவாது. இதுதான் வாதம்.

இதில் எனக்குப் பிடித்தது 'உறைந்துபோனது' என்கிற பகுதி. அதற்கான சாட்சியங்கள் கட்டுரைக்கு வெளியேயும் கொட்டிக்கிடக்கின்றன.

1947-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 9-வது பிரிவு, தரை, கடல், வான் படைகளை ஜப்பான் வைத்துக்கொள்ளாது என்று சொல்கிறது. மூன்றே வருஷத்தில் கொரியப் போர். ஆக்கிரமிப்பிலிருந்த அமெரிக்கர்களின் உத்தரவில் 75,000 பேர் கொண்ட ஒரு படை உருவானது. அதற்கு வைத்த பேர் 'தேசியப் போலீஸ் ரிசர்வ்'. போலீசிடம் டாங்கி இருக்கலாமா? கூடாது. அதனால் டாங்கிக்கு 'சிறப்பு வண்டி' என்று பேர் வைத்தார்கள். 1954-ல் அது 'தற்காப்புப் படை' ஆனது. இன்றைக்கும் அங்கே காலாட்படைக்குப் பேர் 'சாதாரணப் பிரிவு', பீரங்கிப் படைக்குப் பேர் 'சிறப்புப் பிரிவு'. சண்டைக் கப்பல் பெரியதோ சிறியதோ, எல்லாம் 'காவல் கப்பல்'தான்.

இதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். நானும் முதலில் சிரித்தேன். ஆனால் சாஃப்ட்வேரில் இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். ஆயிரம் இடத்திலிருந்து கூப்பிடப்படுகிற ஒரு ஃபங்ஷனின் பேரை மாற்ற முடியாது. உள்ளே இருக்கும் கோடை மட்டும் மாற்றிக்கொண்டே போவோம். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் பேருக்கும் அது செய்யும் வேலைக்கும் சம்பந்தமே இருக்காது. ஆனாலும் அந்தப் பேர் உங்களைக் கட்டுப்படுத்திக்கொண்டேதான் இருக்கும். புதுசாக எதைச் சேர்த்தாலும் பழைய அழைப்புகள் உடையக்கூடாது.

1976-ல் மிக்கி அமைச்சரவை பாதுகாப்புச் செலவுக்கு தேசிய உற்பத்தியில் 1 சதவீதம் என்று வரம்பு போட்டது இன்னொரு உதாரணம். ஏன் 1? ஏன் 1.3 இல்லை? எந்த இராணுவக் கணக்கும் அந்த எண்ணைத் தராது. கோடுக்குள் யாரோ எப்போதோ எழுதிவைத்த மேஜிக் நம்பர். ஆனால் 1987-ல் நகசோனே அரசு அதைத் தாண்டியபோது எவ்வளவு தாண்டியது தெரியுமா? 1.004 சதவீதம். அதற்கே நாடு முழுக்கச் சர்ச்சை. வால்ட்ஸின் கோட்பாட்டில் இந்தப் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் நாலுக்கு இடமே கிடையாது. பெர்கரிடம் இருக்கிறது. இந்த இடத்தில் அவருக்கு முழு மார்க் போடலாம்.

1991 வளைகுடாப் போரும் அப்படியே. ஜப்பான் 1,300 கோடி டாலர் கொடுத்தது, ஆள் அனுப்பவில்லை. போர் முடிந்ததும் குவைத் அமெரிக்கப் பத்திரிகைகளில் நன்றி விளம்பரம் கொடுத்தது. நாடுகளின் பட்டியலில் ஜப்பானின் பேர் இல்லை. டோக்கியோவில் அது ஆழமான காயம். அடுத்த வருஷமே அமைதிகாப்புச் சட்டம் வந்தது, கம்போடியாவுக்குப் படை போனது. 2004-ல் ஈராக்கின் சமாவாவுக்குப் போனபோது நிலைமை இன்னும் விசித்திரம். சட்டப்படி படை 'சண்டை நடக்காத பகுதி'யில்தான் இருக்கலாம். அது எந்தப் பகுதி என்று நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். தற்காப்புப் படை எங்கே வேலை செய்கிறதோ அதுதான் சண்டை நடக்காத பகுதி என்று பதில் சொன்னார் பிரதமர் கொய்சுமி. அந்தப் படைக்குச் சுற்றுக்காவல் டச்சு வீரர்கள், பிறகு பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்கள்! இராணுவத்துக்கே இராணுவப் பாதுகாப்பு.

இதுவரைக்கும் புத்தகம் ஜெயிக்கிறது. 2014-லிருந்து இடறுகிறது.

நேசநாடு தாக்கப்பட்டால் சேர்ந்து சண்டை போடும் உரிமை ஜப்பானுக்கு உண்டு, ஆனால் அதைப் பயன்படுத்த அரசியலமைப்பு அனுமதிக்காது என்பது அமைச்சரவைச் சட்ட அலுவலகத்தின் நீண்டகால வியாக்கியானம். வெளியே அதிகம் பேர் கேள்விப்பட்டிராத அலுவலகம் அது. ஜப்பானின் சமாதானப் பண்பாடு எங்கே குடியிருந்தது என்று கேட்டால், பாதி ஹிரோஷிமா நினைவில், பாதி அந்த அலுவலகத்தின் ஃபைல் அலமாரியில் என்பேன். ஷின்ஸோ அபேவுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 2013 ஆகஸ்டில், அதுவரை இருந்த வழக்கத்தை மீறி, வெளியுறவுத் துறையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து அந்த அலுவலகத்தின் தலைவராக்கினார். 2014 ஜூலை 1 அன்று அமைச்சரவைத் தீர்மானம் ஒன்றினால் வியாக்கியானம் மாறியது. 9-வது பிரிவில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. 2015-ல் நாடாளுமன்றத்தின் முன்னால் பல பத்தாயிரம் பேர் திரண்டு நின்றும் சட்டம் நிறைவேறியது.

பிறகு எல்லாம் வேகம். ஆயுத ஏற்றுமதிக் கொள்கை 2014-லேயே மாறிவிட்டது, கூடவே அதன் பேரும். 'ஆயுதம்' போய் 'பாதுகாப்புச் சாதனம்' வந்தது. 2018-ல் இஸுமோ வகைக் கப்பல்களில் எஃப்-35பி போர் விமானம் இறங்கும்படி மாற்றம் செய்ய முடிவெடுத்தார்கள். 248 மீட்டர் நீளம், மேலே தட்டையான தளம், அதில் சண்டை விமானம். உலகம் இதை விமானந்தாங்கி என்று சொல்லும். ஜப்பானில் இதுவும் 'காவல் கப்பல்'தான். இரண்டாவது கப்பலின் பேர் காகா. பேர்ல் ஹார்பரைத் தாக்கப்போன விமானந்தாங்கிகளில் ஒன்றின் பேரும் அதே காகா. பேர் வைத்தவர்களுக்கு வரலாறு தெரியாது என்று யாரும் நம்பமாட்டார்கள். 2022 டிசம்பரில் ஐந்து வருஷத்துக்கு 43 டிரில்லியன் யென், 2027-க்குள் ஜிடிபியில் 2 சதவீதம், கூடவே எதிரி மண்ணை அடிக்கக்கூடிய ஏவுகணைகள். 'எதிரித் தளத் தாக்குதல் திறன்' என்று பேசப்பட்டுவந்தது, ஆவணத்தில் 'பதிலடித் திறன்' ஆகிவிட்டது.

"பார்த்தியா, சீனா வளர்ந்ததும் பண்பாடு பறந்துபோச்சு" என்று யதார்த்தவாதிகள் சொல்வார்கள். அவ்வளவு சுலபமில்லை. சீனாவின் கப்பல் எண்ணிக்கை, ஜப்பான் ஏதாவது செய்யும் என்று சொல்லும்; அரசியலமைப்பைத் திருத்தாமல், ஒரு அலுவலகத்தின் தலைவரை மாற்றி, சொல்லை மட்டும் மாற்றி, இப்படிச் சுற்றிவளைத்துச் செய்யும் என்று சொல்லாது. அந்தச் சுற்றுப்பாதையை விளக்க இன்னும் பெர்கர்தான் வேண்டும். ஆனால் பெர்கரின் கட்டுரையிலும் ஒரு ஓட்டை தெரிகிறது. பண்பாட்டை அவர் கப்பலை நிறுத்தும் நங்கூரமாகவே பார்க்கிறார். அதே சொற்கள் கப்பலை நகர்த்தவும் உதவும் என்பது அவர் கணக்கில் இல்லை. 'தற்காப்பு' என்ற ஒரு சொல் 1954-ல் படையை அனுமதித்தது, 1976-ல் அதன் செலவைக் கட்டிப்போட்டது, 2022-ல் ஏவுகணையை அனுமதித்தது. வந்த ஏவுகணைத் தாக்குதலைத் தடுக்க வேறு வழியே இல்லையென்றால் எதிரியின் தளத்தை அடிப்பதும் தற்காப்புதான் என்று 1956-லேயே ஹதோயாமா அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொல்லியிருக்கிறது. விதை அப்போதே போட்டாயிற்று.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

'ஜப்பானியர்கள் தங்களைச் சமாதான நாடாகக் கருதினார்கள்' என்ற வாக்கியத்தில் யார் அந்த ஜப்பானியர்கள்? ஒகினாவா ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 சதவீதம். ஜப்பானில் அமெரிக்கப் படைகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட தளங்களின் பரப்பில் சுமார் 70 சதவீதம் அங்கேதான். 1879-ல் டோக்கியோ இணைத்துக்கொண்ட ரியூக்யூ ராஜ்ஜியம் அது. மொழியே வேறு. 1945-ல் அந்தத் தீவில் நடந்த மூன்று மாதச் சண்டையில் மக்கள்தொகையில் ஏறக்குறைய நாலில் ஒருவர் செத்துப்போனார்கள். சொந்த நாட்டு இராணுவமே குகைகளிலிருந்து ஜனங்களைத் துரத்தியது, ஒகினாவா மொழி பேசியவர்களை உளவாளி என்று சந்தேகித்துக் கொன்றது, சரணடையாதே செத்துப்போ என்று வற்புறுத்தியது. 1947-ல் 9-வது பிரிவு அமலுக்கு வந்தபோது ஒகினாவா அதற்குள் இல்லை. 1972 வரை அமெரிக்க ஆட்சி. வியட்நாமுக்குக் குண்டு போட பி-52 விமானங்கள் கடேனாவிலிருந்து பறந்தன. டோக்கியோ அதே வருஷங்களில் சமாதான நாடாக இருந்தது.

ஜப்பான் 1 சதவீதத்தில் காலம் தள்ள முடிந்தது அமெரிக்கக் குடைக்குக் கீழே இருந்ததால்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். குடைக்குக் கம்பு எங்கே ஊன்றியிருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. 1950களில் ஜப்பானின் பெரிய தீவுகளில் தளங்களுக்கு எதிரான போராட்டங்கள் வலுத்தன. அங்கே இருந்த அமெரிக்க மரைன் படைகளில் பல ஒகினாவாவுக்கு இடம்மாறின. ஆக, பெரிய தீவுகளின் இராணுவ வெறுப்பு உண்மையானதுதான், அரசாங்கத்தைப் பணியவும் வைத்தது. ஆனால் அது பணியவைத்த விதம், பாரத்தைத் தூக்கி அடுத்தவன் முற்றத்தில் வைப்பதாக இருந்தது. பண்பாடு பாதுகாப்புக் கொள்கையை வடிவமைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இது அந்தக் கட்டுரையின் மையத்தில் இருந்திருக்க வேண்டும். இல்லை.

எய்சாகு சாட்டோவின் கதை இதற்குப் பொருத்தம். அணு ஆயுதத்தை வைத்துக்கொள்ளமாட்டோம், செய்யமாட்டோம், உள்ளே விடமாட்டோம் என்ற மூன்று கொள்கைகளை 1967-ல் அறிவித்த பிரதமர். 1974-ல் நோபல் சமாதானப் பரிசும் வாங்கினார். அவரும் நிக்சனும் 1969-ல் கையெழுத்திட்ட ஒரு ரகசியக் காகிதம் 2009-ல் சாட்டோ குடும்பத்திடமிருந்து வெளியே வந்தது. ஒகினாவாவைத் திருப்பிக் கொடுத்த பிறகும், பெரும் நெருக்கடி வந்தால் அங்கே அணு ஆயுதத்தைக் கொண்டுவர ஜப்பான் தடுக்காது என்பது அதன் சாரம். இதை வெறும் பாசாங்கு என்று தள்ளிவிட முடியாது. பொய்யாக இருந்திருந்தால் ஒளித்துவைக்க வேண்டிய அவசியமே இல்லையே! அணு எதிர்ப்பு உணர்வு அவ்வளவு வலுவாக இருந்ததால்தான் அந்தக் காகிதம் வீட்டு மேசைக்குள் கிடந்தது. அதே சமயம், விதிவிலக்கு எந்த ஊரில் எழுதப்பட்டது என்பதையும் பாருங்கள்.

இதே தொகுப்பில் எலிசபெத் கீர் எழுதிய பிரெஞ்சு இராணுவம் பற்றிய கட்டுரை இருக்கிறது. என் பார்வையில் புத்தகத்திலேயே சிறந்தது அதுதான். 1920களில் பிரான்ஸ் ஏன் தற்காப்புக் கோட்பாட்டுக்குள் போய் ஒடுங்கியது? 'பிரெஞ்சுக் கலாச்சாரம்' என்று அவர் ஒற்றை வரியில் முடிக்கவில்லை. நிரந்தரத் தொழில்முறை இராணுவம் குடியரசையே கவிழ்த்துவிடும் என்று இடதுசாரிகளுக்குப் பயம். அதனால் கட்டாயப் படைச்சேவைக் காலம் ஒரு வருஷமாகக் குறைந்தது. ஒரு வருஷம் பயிற்சி பெற்ற பையன்களை வைத்துப் பாய்ந்து தாக்க முடியாது என்பது அதிகாரிகளின் அசைக்கமுடியாத நம்பிக்கை. இந்த இரண்டும் சேர்ந்தபோது தற்காப்பு ஒன்றுதான் மிச்சம். இங்கே யாருக்கு என்ன பயம், யாருக்கு என்ன நம்பிக்கை, எந்த மேசையில் இரண்டும் சந்தித்தன என்று ஆள் ஆளாகக் காட்டுகிறார். பெர்கரும் வலது, இடது, நடு என்று பிரித்துத்தான் தொடங்குகிறார். ஆனால் சமரசம் வந்ததும் மூன்றும் கரைந்து 'ஜப்பான்' என்ற ஒற்றை ஆளாகிவிடுகிறது. அந்த ஆளுக்கு ஒரு மனசு, ஒரு நினைவு, ஒரு காயம். ஒகினாவாக்காரரின் காயம் அந்த மனசுக்குள் அடங்காது. ஹிரோஷிமாவின் பாடம் 'போர் கெட்டது' என்றால், ஒகினாவாவின் பாடம் இன்னும் கூரானது: இராணுவம் மக்களைக் காப்பாற்றாது, சொந்த இராணுவமாகவே இருந்தாலும்.

இது பழைய கதையில்லை. ஃபுடென்மா தளத்துக்கு மாற்றாக ஹெனோகோவில் கடலை நிரப்பிக் கட்டும் தளத்தை 2019 வாக்கெடுப்பில் 72 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். வேலை நிற்கவில்லை. கடலடி மண் இளகலாக இருந்ததால் வடிவமைப்பை மாற்ற மாகாண ஆளுநரின் அனுமதி தேவைப்பட்டது, அவர் மறுத்தார். 2023 டிசம்பரில் நீதிமன்றத் தீர்ப்பை வாங்கி, ஆளுநருக்குப் பதிலாக மத்திய அமைச்சரே அனுமதிக் கையெழுத்தைப் போட்டார். இப்படி நடந்தது ஜப்பானில் அதுவே முதல் முறை. கூடவே, சின்னத் தீவுகளில் தற்காப்புப் படை முகாம்கள் வந்துவிட்டன. 2016-ல் யோனாகுனி, 2019-ல் மியாகோ, 2023-ல் இஷிகாகி. யோனாகுனியிலிருந்து தைவான் சுமார் 110 கிலோமீட்டர்.

தைவானில் போர் மூண்டால் அந்தத் தீவுகளில் இருக்கும் சுமார் 1,20,000 பேரைக் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றி கியூஷுவுக்கும் யமாகுச்சிக்கும் அனுப்ப டோக்கியோ திட்டம் போட்டிருக்கிறது. திட்டத்தில் தப்பில்லை, எந்தப் பொறுப்பான அரசும் செய்யவேண்டியதுதான். ஆனால் ஒகினாவாவில் கப்பலேற்றி அனுப்புவது என்றால் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது வேறு. 1944 ஆகஸ்டில் இதே போல, சண்டை வரப்போகிறது என்று பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கியூஷு நோக்கிக் கிளம்பிய சுஷிமா மாரு கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்தது. ஏறத்தாழ 1,500 பேர் செத்தார்கள், பாதிக்கு மேல் பிள்ளைகள். தப்பி வந்தவர்கள் நடந்ததை வெளியே சொல்லக்கூடாது என்று உத்தரவு போடப்பட்டது.